1770கள் காலத்து வெள்ளக்கார பொம்பளைங்க உடுப்பு தைக்கணும், நம்ம ஊர் துணி ஒத்து வருமா?

கோட்டையூர் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல வீட்டுலயே மெஷின் போட்டு தைக்கிறேன், இருபத்தி மூணு வருஷமாச்சு. ஜாக்கெட், பாவாடை சட்டை, சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் இதுதான் வழக்கமான வேலை. இப்ப வந்திருக்கது நான் இதுவரைக்கும் தொடாத வேலை, அதான் இங்க கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

எங்க நாத்தனா மக அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கா. அங்க அவுக சுதந்திரப் போர் நடந்த காலத்தை, 1775ல ஆரம்பிச்சு 1783 வரைக்கும் நடந்துச்சாம், அதை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுறாக, கூடாரம் அடிச்சு விறகு அடுப்புல சமைச்சு ரெண்டு மூணு நாள் அந்தக் காலத்து ஆளுங்க மாதிரியே இருப்பாகளாம். இவ ஒரு குழுவுல சேந்திருக்கா. பட்டாளம் போற இடமெல்லாம் கூடவே போயி துணி துவைச்சு, சோறாக்கி, காயம்பட்டவங்களைப் பாத்துக்கிட்ட பொம்பளைங்க இருந்தாங்கள்ல, அதுல ஒருத்தியா வர்றா.

போன வருஷம் ஒரு கவுன் தைச்சு அனுப்பினேன். நெட்ல பாத்த படத்தை வச்சு பிரின்சஸ் கட் போட்டு, முதுகுல ஜிப் வச்சு, கழுத்துல லேஸ் வச்சு, பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. துணியும் சுத்த லினன்னு ஒரு கடையில சொல்லித்தான் வாங்கினேன். அங்க குழுவுல பெரியவுக பாத்துட்டு இது அந்தக் காலத்து உடுப்பே இல்ல, துணியும் பாலியஸ்டர் கலந்தது, நெருப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாகளாம். புள்ள ரெண்டு நாளும் ஓரமா உக்காந்து பாத்துட்டு வந்திருக்கா. எனக்கு அது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அந்தக் கவுனை தைச்சது என் கைதானே.

இந்தத் தடவை சரியா செஞ்சு குடுக்கணும். எதுல ஆரம்பிக்கிறது, உள்ளாடை கெட்டியா இருக்குமாமே அதுக்கு என்ன கம்பி வைக்கிறது, மெஷின் தையல் ஆகுமா ஆகாதா, அவ அங்க நான் இங்க எப்படி அளவு எடுக்குறது. அதோட எனக்கு ஒரு ஆசை, நம்ம கண்டாங்கித் துணியில தைச்சா என்ன? கட்டம் போட்ட துணி அவுகளும் உடுத்துனதா படத்துல பாக்குறேன். தெரிஞ்சவுக சொல்லுங்க.

புதுவை ஊசிநூல்:

ஆச்சி, நான் பாண்டிச்சேரியில நாடகத்துக்கு உடுப்பு தைக்கிறவ, 18ஆம் நூற்றாண்டு சாமான் நாலஞ்சு செட்டு தைச்சிருக்கேன், முதல் செட்டுல நீங்க பண்ணின அதே தப்பை நானும் பண்ணினேன். பிரின்சஸ் கட் எல்லாம் 1870கள் சமாச்சாரம், நூறு வருஷம் பிந்தி வந்தது. ஜிப் இருபதாம் நூற்றாண்டு. நாம ஊக்குன்னு சொல்றோமே அந்த சேஃப்டி பின் கூட 1849லதான் வந்துச்சு. அவங்க மேல்கவுனோட முன்பக்கத்தை சாதா குண்டூசி வச்சுத்தான் மூடினாங்க, தினமும், நம்புங்க, உள்ள கெட்டியான உடுப்பு இருக்கறதால ஊசி உடம்புல குத்தாது.

முக்கியமானது வரிசை. மேல தெரியுற கவுன்ல ஆரம்பிச்சீங்கன்னா எல்லாம் கெட்டுப்போகும். முதல்ல ஷிஃப்ட், அதாவது தொளதொளன்னு ஒரு உள்சட்டை, அதுக்கு மேல ஸ்டேஸ், நீங்க கேட்ட அந்த கம்பி வச்ச கெட்டி உள்ளாடை, அப்புறம் இடுப்புல கட்டுற பை, அப்புறம் பெட்டிகோட்ங்கிற பாவாடை ஒண்ணோ ரெண்டோ, அதுக்கு மேலதான் கவுனோ ஜாக்கெட்டோ, கழுத்துக்கு ஒரு துண்டு, ஏப்ரன், தலைக்கு குல்லா. ஸ்டேஸ் போட்டா உடம்பு வடிவமே மாறிடும், மார்பு தூக்கி முன்பக்கம் தட்டையா கூம்பு மாதிரி ஆகிடும், அதனால ஸ்டேஸ் போடாத உடம்புல எடுத்த அளவு மேல்கவுனுக்கு எதுக்கும் ஆகாது. ஷிஃப்ட்டும் ஸ்டேஸும் முதல்ல தைச்சு அனுப்புங்க, அவ அதைப் போட்டு இறுக்கிக்கிட்டு வீடியோ கால்ல நிக்கட்டும், அப்ப அளவு எடுங்க.

ஷிஃப்ட் ரொம்ப அழகான கட்டிங் ஆச்சி, நீங்க தைச்சா உங்களுக்கே ஆசையா இருக்கும். வளைவே கிடையாது, கழுத்து மட்டும்தான் வளைவு. உடம்புக்கு நீளமா ஒரு செவ்வகம், கைக்கு ரெண்டு செவ்வகம், கீழ அகலம் வர்றதுக்கு ரெண்டு பக்கமும் முக்கோணத் துண்டு, கம்புக்கூட்டுல ஒரு சதுரத் துண்டு. பழைய ஜிப்பாவுல அக்குள்ல சதுரம் வச்சுத் தைப்பாங்களே, அதேதான். அதை வச்சா கையைத் தூக்கினா சட்டை ஏறாது, அக்குள்ல கிழியவும் கிழியாது. அப்ப துணி விலை அதிகம் தையல்கூலி கம்மி, அதனால ஒரு விரக்கடை துணி வீணாக்க மாட்டாங்க, முக்கோணத்தை எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு தலைகீழா வச்சு வெட்டுவாங்க. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நீளம், கை முட்டி வரைக்கும்.

ஸ்டேஸ்னா எல்லாரும் மூச்சு முட்டுற மாதிரி இடுப்பை நெரிக்கிறதுன்னு நினைக்கிறாங்க, அது அடுத்த நூற்றாண்டு கார்செட் பத்தின பேச்சு. இது முதுகையும் மார்பையும் தாங்கறதுக்கு, அதைப் போட்டுக்கிட்டுத்தான் பொம்பளைங்க வயக்காட்டுல வேலை செஞ்சாங்க, துணி துவைச்சாங்க. ரெண்டு அடுக்கு கெட்டித் துணிக்கு நடுவுல கால் இஞ்ச் அகலத்துல வரிசை வரிசையா தையல் ஓட்டி, ஒவ்வொரு பொந்துலயும் கம்பி சொருகணும். அப்ப அவங்க வச்சது திமிங்கலத்தோட வாய்க்குள்ள சீப்பு மாதிரி இருக்குற தகடு, இல்லாதவங்க நாணல் மாதிரி கெட்டிப் புல்லைக் கத்தையா சொருகினாங்க. இன்னைக்கு எலக்ட்ரிக் கடையில வயர் கட்டுற பட்டையான பிளாஸ்டிக் டை கிடைக்குதுல்ல, அகலமானது, அதை நறுக்கி முனையை உரசி மழுக்கி வச்சா போதும். தென்ன ஈர்க்குச்சியை நாலு நாலா சேத்து நான் வச்சுப் பாத்தேன், முதல் நாள் அருமையா நின்னுச்சு, காஞ்சதும் இடுப்பு மடியுற இடத்துல ஒடிஞ்சு துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. மெல்லிசா சீவின பிரம்பு தேவலாம்.

ஸ்டேஸை இறுக்க கயிறு மாட்டுற ஓட்டைக்கு இரும்பு வளையம் அடிச்சுடாதீங்க, அது 1820களுக்கு அப்புறம் வந்தது. குத்தூசியால நூலை விலக்கி ஓட்டை போட்டு சுத்திலும் கையால நெருக்கமா தைக்கணும், காஜா எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. கயிறு ரெண்டு பக்கமும் குறுக்கா போகாது, ஒரே கயிறு ஒரு முனையில முடிச்சு, சுத்திச் சுத்தி மேல ஏறும். அதுக்குத் தகுந்த மாதிரி ரெண்டு பக்க ஓட்டையும் நேருக்கு நேர் இல்லாம கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கணும். முதல்ல காடாத் துணியில ஒண்ணு தைச்சு அனுப்பி சரி பாத்துக்கங்க.

மெஷினுக்கு வந்தா, தையல் மெஷின் பரவினது 1850களுக்கு அப்புறம். ஆனா வெளிய தெரியாத நீளத் தையலை மெஷின்ல ஓட்டிட்டு தெரியுற இடத்தை மட்டும் கையால தைங்க, அதுல குத்தமில்ல.

தறிக்கார வீடு:

அக்கா, நாங்க மூணு தலைமுறையா காரைக்குடியில தறி போடுறவங்க. கண்டாங்கின்னு நீங்க எழுதினதைப் பாத்து சந்தோஷம், ஆனா கண்டாங்கிச் சேலையை வெட்டி கவுன் தைக்காதீங்க, மனசு வராததால மட்டும் சொல்லல, வேலைக்கும் ஆகாது. நம்ம கட்டம் பெருசு, கரை அகலம், அரக்கும் மஞ்சளும் கறுப்புமா தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியுறதுக்கு நெஞ்சது. அதை ஒரு பட்டாளத்துத் துணி துவைக்கிற பொம்பள உடம்புல கவுனா போட்டா யாரு பாத்தாலும் இது இந்தியச் சேலைன்னுதான் தெரியும். 2019ல புவிசார் குறியீடு வாங்கின துணி, அது சேலையாவே இருக்கட்டும்.

அதுக்காக நம்ம பக்கத்துத் துணிக்கும் அந்தக் காலத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைச்சுடாதீங்க. சோழமண்டலக் கரையில நெஞ்ச சின்னக் கட்டம் போட்ட சதுரத் துண்டு, மெட்ராஸ் கைக்குட்டைன்னு பேரு, அந்தக் காலத்துலயே கப்பல் கப்பலா மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயிருக்கு, மார்ட்டினிக் பக்கமெல்லாம் இன்னைக்கும் பொம்பளைங்க தலையில கட்டுற துணிக்கு மெட்ராஸ்னுதான் பேரு. அதனால கழுத்துல போடுற துண்டை நம்ம தறியில நெஞ்சு குடுக்கலாம், சிவப்பும் நீலமும் வெள்ளையும் சின்னக் கட்டமா, ஒரு கஜம் சதுரம், குறுக்கால முக்கோணமா மடிச்சு தோள்ல போட்டு முனையை முன்னால சொருகிக்குவாங்க. ஏப்ரனுக்கு நீல வெள்ளைக் கட்டம். ஜரிகை கூடாது, பாலியஸ்டர் நூல் கூடாது. ஒரு துண்டுக்காக மட்டும் பாவு ஓட்ட முடியாது, வேற யாருக்காவது சின்னக் கட்டத் துண்டு ஓடும்போது அதோட சேத்துத்தான் ஓட்டணும், கொஞ்சம் நாள் ஆகும்.

கலர்ல கவனமா இருங்க. ரசாயனச் சாயம் முதல்ல வந்தது 1856ல, அந்த ஊதா கலர். அதுக்கு முன்னாடி எல்லாமே செடி கொடி பூச்சி மண்ணுல இருந்து வந்ததுதான். அவுரி நீலம், சாயவேர் சிவப்பு, காவி, பழுப்பு, மங்கல் மஞ்சள் இதெல்லாம் சரி. இப்ப லுங்கியில வர்ற கண்ணு கூசுற பச்சை, ராணி பிங்க் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, கைத்தறித் துணியோட ஓரத்தை வெட்டித் தள்ளாதீங்க அக்கா. ஓரம் நூல் பிரியாது, அந்தக் காலத்துல பாவாடை மூட்டுறப்ப ரெண்டு ஓரத்தையும் அப்படியே சேத்து வச்சு தைச்சிடுவாங்க, மடிச்சுத் தைக்கிற வேலையே இல்ல. ஓவர்லாக் போட்டீங்கன்னா உள்ள திருப்பிப் பாத்த உடனே மாட்டிக்குவீங்க.

பழந்துணிப் பித்தன்:

கோட்டையூர் அம்மாவுக்கு, சரித்திரம் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன். நம்ம பாட்டிங்க சீட்டித்துணின்னு சொல்லுவாங்களே, பூப்போட்ட பருத்தி, அதுதான் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவையே ஆட்டி வச்சுச்சு. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, மெட்ராஸ், நாகப்பட்டினம்னு நம்ம கடற்கரை முழுக்க இருந்து கப்பல்ல போனது. அங்க கம்பளியும் பட்டும் நெஞ்சவங்க பொழப்பு போச்சுன்னு கலவரம் பண்ணி, பிரான்ஸ்ல 1686ல இருந்து 1759 வரைக்கும் தடை, இங்கிலாந்துல 1721ல உடுத்தவே கூடாதுன்னு சட்டம், அதை 1774லதான் எடுத்தாங்க. ஆனா வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்றதுக்கு தடை இல்ல, அதனால லண்டன்ல உடுத்தக் கூடாத சீட்டி அமெரிக்கக் காலனிகளுக்கு போய்க்கிட்டேதான் இருந்துச்சு.

ஏன் அவ்வளவு மோகம்னா துவைச்சாலும் சாயம் போகாது. பாண்டிச்சேரிப் பக்கம் இருந்த கேர்தூன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் 1742ல இந்த வேலையை விசாரிச்சு விவரமா கடிதம் எழுதி அனுப்பினார். துணியை கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊற வச்சு காய வைக்கணும், பாலோட கொழுப்பு இருக்கறதால வரையுற மை பரவாது. சிவப்பு வேண்டிய இடத்துல படிகாரம், கறுப்பு வேண்டிய இடத்துல இரும்புத் தண்ணி, அப்புறம் சாயவேர்ல கொதிக்க வச்சா படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேணும்னா மத்த இடத்தையெல்லாம் மெழுகால மூடிட்டு அவுரித் தொட்டியில முக்கி எடுக்கணும். ஒரு துணிக்கு இத்தனை வேலை, இதை செஞ்ச கை எல்லாம் நம்ம கரையோரத்துக் கை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அந்த சீட்டியில தைச்ச கவுன் இருக்கு, படத்தைப் பெருசு பண்ணி பாருங்க, தையல் கூட தெரியும்.

அதனால உங்க ஆசையை விட்டுடாதீங்க, கண்டாங்கிக்கு பதிலா கலம்காரி எடுங்க. ஆனா இப்ப கடையில வர்ற புத்தர் முகம், மயில், யானை போட்டது வேண்டாம். வெள்ளை இல்லன்னா வெளிர் சந்தன நிறத்துல, வளைஞ்சு போற கொடியும் நடுநடுவுல பூவும், நிறைய இடம் வெறுமையா விட்டது, அதுதான் அந்தக் காலத்துச் சாயல்.

ஒரு விஷயத்துல மட்டும் புதுவை அக்கா கூட எனக்கு ஒப்புதல் இல்ல. உள்தையல்தானேன்னு மெஷின் போட்டா துணி விழுகுற விதமே வேற மாதிரி ஆயிடுது. கைத்தையல் கொஞ்சம் இளக்கமா நிக்கும், மெஷின் இழுத்துப் பிடிக்கும். பழைய கவுனையும் மெஷின்ல தைச்ச நகலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா முதுகு மடிப்புலயே தெரியும்.

தேவகோட்டை டு வர்ஜீனியா:

ஆச்சி, உங்க நாத்தனா மக இருக்க அதே மாநிலத்துலதான் நானும் இருக்கேன், சொந்த ஊரு தேவகோட்டை. எட்டு வருஷமா இந்த நிகழ்ச்சிக்கெல்லாம் போறேன், நானும் பட்டாளத்து சமையக்காரியாத்தான் நிப்பேன். அந்தப் புள்ளைய ஓரமா உக்கார வச்சாகன்னு படிச்சப்ப கஷ்டமா இருந்துச்சு, ஆனா நெருப்பு விஷயத்துல அவுக சொன்னது சரி. நாங்க தரையில எரியுற நெருப்பைச் சுத்தித்தான் நாள் பூரா நிப்போம், பாவாடை ஓரத்துல பொறி பட்டா கம்பளி கருகி அணைஞ்சுடும், லினனும் பருத்தியும் எரியும் ஆனா உருகி ஒட்டாது, பாலியஸ்டர் உருகி தோல்ல ஒட்டிக்கும். அடுத்த தடவை துணி வாங்கும்போது கடைக்காரவுக பேச்சை நம்பாம ஓரத்துல நாலு நூலை உருவி தீக்குச்சி வச்சுப் பாருங்க. காகிதம் எரியுற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா சரி, கறுப்பா மணி மாதிரி உருண்டா திருப்பிக் குடுத்துடுங்க.

பித்தன் தம்பி சொன்ன சீட்டி கவுன் அழகுதான், ஆனா இந்தப் புள்ள எடுத்திருக்க வேஷத்துக்கு முதல்ல தேவை அது இல்ல. பெட்கவுன்னு ஒண்ணு இருக்கு, பேருதான் அப்படி, பகல்ல உழைக்கிற பொம்பளைங்க போட்டது. இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி ஒரே துணியில உடம்பும் கையும் சேத்து வெட்டுறது, தொடை வரைக்கும் நீளம், பொத்தான் கிடையாது. முன்னால ஒண்ணு மேல ஒண்ணு போட்டு குண்டூசி குத்தி ஏப்ரன் நாடாவை மேல இறுக்கிக் கட்டினா நின்னுக்கும். அளவு ரெண்டு இஞ்ச் முன்ன பின்ன இருந்தாலும் தப்பில்ல, தூரத்துல இருந்து தைச்சு அனுப்புற உங்களுக்கு இதைவிட தோதான உடுப்பு கிடையாது. சீட்டி கவுனை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கங்க.

பெட்டிகோட் ரொம்ப சுலபம், சுத்தளவு மூணு கஜம் வர்ற மாதிரி ரெண்டு பாகம், பக்கவாட்டுல மேல ஒரு சாண் தைக்காம விட்டுடுங்க. முன்பாகத்துக்கு ஒரு நாடா, பின்பாகத்துக்கு ஒரு நாடா. பின்னால இருக்கதை முன்னால கட்டணும், முன்னால இருக்கதை பின்னால கொண்டுபோயிக் கட்டணும். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் புள்ளத்தாச்சியா இருந்தாலும் அதே பாவாடை ஆகும். பக்கத்துல விட்ட அந்தத் திறப்பு வழியா கையை விட்டா உள்ள இடுப்புல கட்டியிருக்க பை கையில வரும். நம்ம அப்பத்தா இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பை மாதிரிதான், ஆனா வடிவம் பேரிக்காய் மாதிரி, வாய் நெட்டுக்குத்தா கீறி விட்டிருக்கும். நீளம் கணுக்கால் தெரியுற அளவு போதும், தரையில இழுத்துச்சுன்னா நெருப்புக்கும் சேத்துக்கும் ஆகாது.

வில்லியம்ஸ்பர்க்ல அந்தக் காலத்து தையல் கடை மாதிரியே வச்சு அதே முறையில உக்காந்து தைக்கிறாக, புள்ளைய ஒரு நாள் போயி பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லுங்க, கேட்டா எல்லாம் பொறுமையா சொல்லிக் குடுப்பாக.

கோட்டையூர் தையல்:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதுறேன், நடுவுல முகூர்த்தச் சீசன், ஜாக்கெட் குமிஞ்சிருச்சு.

ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு, முழுக்கக் கைத்தையல். பித்தன் தம்பி சொன்னதை முதல்ல நான் ஏத்துக்கல, ஒரு பக்க முக்கோணத்தை மெஷின்லயும் இன்னொரு பக்கத்தை கையாலயும் மூட்டிப் பாத்தேன். தொங்கவிட்டு பாத்தப்ப மெஷின் பக்கம் விறைச்சுக்கிட்டு நின்னுச்சு, ராத்திரியோட ராத்திரியா பிரிச்சுட்டேன். நூலை தேன்மெழுகுல இழுத்து, இஞ்சுக்கு எட்டுப் பத்து தையல் வர்ற மாதிரி பின்தையல். லினன் இந்தத் தடவை தீக்குச்சி வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன், ரெண்டு கடை ஏறி இறங்கி மூணாவது கடையிலதான் சரியானது கிடைச்சுச்சு.

காடாத்துணி ஸ்டேஸ் போட்டு அனுப்பி, அவ வீடியோவுல நின்னு, முதுகுல கயிறு இறுக்கினப்புறம் ரெண்டு இஞ்ச் இடைவெளி வருதுன்னு காட்டினா, தோள்பட்டை மட்டும் முன்னால இழுக்குது, அதை முக்கா இஞ்ச் கூட்டி இப்ப நிஜத் துணியில போட்டுக்கிட்டு இருக்கேன். மொத்தம் 34 ஓட்டை, ஒரு ஓட்டைக்கு கால் மணி நேரம் ஆகுது. தறிக்கார வீட்டுத் தம்பிகிட்ட துண்டுக்குச் சொல்லியாச்சு.

எங்க மாமியா நான் தைக்கிறதை தினமும் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாக. இடுப்புப் பை தைக்க உக்காந்த அன்னைக்கு உள்ள போயி பெட்டகத்தைத் திறந்து அவுக அம்மாவோட சுருக்குப்பையை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சாக, காடாத்துணி, அழுக்கேறி பழுப்பாயிருச்சு, ஆனா மூட்டு ஒண்ணு கூட விடல. திருப்பிப் பாத்தா அதே பின்தையல், அதே மாதிரி ஓரத்தை ஓரத்தோட சேத்து வச்சு மூட்டியிருக்காக. நான் ரொம்ப நேரம் அதை கீழ வைக்கவே இல்ல. புள்ளைக்கு தைக்கிற பையில அந்தத் தையலையே பாத்துத் தைச்சிருக்கேன்.

குல்லாவுக்கு மல்துணி எடுத்திருக்கேன், முன்னால சின்ன சுருக்கு வைக்கிறது நிக்க மாட்டேங்குது, துவண்டு போயி நெத்தியில விழுகுது. கஞ்சி போடலாமா, அந்தக் காலத்துல போட்டாகளா?

புதுவை ஊசிநூல்:

போட்டாங்க ஆச்சி, குல்லாவுக்கும் கழுத்துத் துண்டுக்கும் கஞ்சி உண்டு. அவங்க கோதுமையில எடுத்தாங்க, நமக்கு மைதாவை நீர்க்கக் கரைச்சு காய்ச்சி வடிகட்டி போட்டாலே போதும். சோத்துக் கஞ்சியும் நிக்கும், ஆனா ஒரு பருக்கை கூட இருக்கக் கூடாது. முழுசா காயவிடாம ஈரம் இருக்கப்பவே சுருக்கை விரலால நிமித்தி விட்டுட்டு இஸ்திரி போடுங்க. பார்சல்ல அனுப்புறப்ப கஞ்சி போடாம அனுப்புங்க, மடிப்பு விழுந்துச்சுன்னா எடுக்க முடியாது, அங்க போயி அவ போட்டுக்கட்டும்.